க்யூ தாண்டினால் ஹெடர் நிற்குமா? அப்பாச்சி கேமல், ஆறு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு கேமலைப் பிடிக்கும். ஒரு மென்பொருளிலிருந்து தகவலை எடுத்து இன்னொன்றில் கொண்டுபோய்ப் போடுகிற வேலையை இவ்வளவு சுருக்கமாக எழுதவிடும் இலவசக் கருவி வேறெதுவும் இதுவரை என் கையில் சிக்கவில்லை. 2007இல், மெசேஜ் க்யூக்களை நடத்தும் ஆக்டிவ்எம்க்யூ என்ற சர்வர் மென்பொருளின் கிளைத் திட்டமாகத் தொடங்கியது, அப்புறம் தனிக்குடித்தனம் போய், 2019 நவம்பரில் பதிப்பு 3, 2023 ஆகஸ்டில் பதிப்பு 4 என்று வளர்ந்து நிற்கிறது. ஆனால் நான் எழுதப்போவது ஒட்டகம் முழுவதையும் பற்றி இல்லை. அதன் முதுகில் இருக்கும் மூட்டைமேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்குமே, ஹெடர், அதைப் பற்றி மட்டும். மெசேஜ் ஒரு க்யூவுக்குள் (ஒரு நிரல் போட்டதை இன்னொன்று எடுக்கும்வரை வரிசையில் வைத்திருக்கும் இடம்) போய் மறுபக்கம் வெளியே வரும்போது அந்தச் சீட்டு அப்படியே இருக்கிறதா, பாதி கிழிந்து வருகிறதா, இல்லை காணாமலே போய்விடுகிறதா?

இதைப் பேச எனக்குத் தகுதி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரியில். பல கடைகளின் ஆர்டர் கோப்புகள் எஸ்எஃப்டிபி (பாதுகாப்பான கோப்புப் பரிமாற்றம்) வழியாக வரும், ஒரு ரூட், அதாவது கேமலில் நாம் எழுதும் ஒரு பாதை, அதை எடுத்துப் பிரித்து ஒவ்வொரு ஆர்டரையும் க்யூவில் போடும், இன்னொரு ரூட் அங்கிருந்து எடுத்து பில் போடும் பக்கத்துக்கு அனுப்பும். எந்தக் கடையின் ஆர்டர் என்பது ஆர்டருக்குள் கிடையாது, கோப்பின் பெயரில்தான் இருக்கும். அதனால் முதல் ரூட்டிலேயே கடைக் குறியீட்டைப் பிரித்தெடுத்து எக்ஸ்சேஞ்ச் ப்ராப்பர்ட்டியாக வைத்திருந்தோம். சோதனையின்போது நடுவில் இருந்தது உண்மையான க்யூ இல்லை, செடா, அதாவது நினைவகத்துக்குள்ளேயே ஓடும் க்யூ. எல்லாம் சுத்தமாக ஓடியது. நிஜ சர்வருக்குப் போனபோது 'செடா' என்று இருந்த இடத்தில் 'ஜேஎம்எஸ்' (ஜாவா நிரல்கள் வெளியே இருக்கும் க்யூ சர்வரோடு பேசும் முறை) என்று மாற்றினோம், ஒரே ஒரு சொல். காலையில் வந்து பார்த்தால் அத்தனை ஆர்டரும் கடைப் பெயர் இல்லாமல் 'பொது' என்ற கணக்கில் குவிந்து கிடக்கிறது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை.

"அண்ணா, ப்ராப்பர்ட்டி செட் ஆகுறது லாக்ல தெரியுதே?" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. தெரிந்தது, செட் ஆனதும் உண்மைதான், க்யூவுக்கு ஒரு அடி முன்னால் வரைக்கும். தப்பு எங்களுடையது. ஆவணத்தில் எழுதியிருக்கிறது, நாங்கள் படிக்கவில்லை.

விஷயம் இதுதான். கேமலில் ஓடுவது மெசேஜ் இல்லை, எக்ஸ்சேஞ்ச். அதற்குள் மெசேஜ் இருக்கும், அந்த மெசேஜுக்குப் பாடியும் ஹெடர்களும் இருக்கும். ப்ராப்பர்ட்டிகளோ மெசேஜில் இல்லை, வெளியே எக்ஸ்சேஞ்சில் இருக்கின்றன. கல்யாண வீட்டு மொய் கவரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பணம் பாடி, கவர் மேல் எழுதிய பெயரும் ஊரும் ஹெடர், வீட்டிலிருந்து கிளம்பும்போது "இது சித்தப்பா பேர்ல எழுதணும்" என்று நீங்கள் மனதில் வைத்துக்கொண்டது ப்ராப்பர்ட்டி. கவரை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால் மூன்றும் போய்ச் சேரும். வேறு யார் கையிலாவது கொடுத்தனுப்பினால் பணமும் மேலே எழுதியதும் மட்டும்தான் போகும், மொய் நோட்டு எழுதுகிறவருக்கு உங்கள் மனது எப்படித் தெரியும்? செடா ஒரே ஜேவிஎம்முக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஜாவா நிரலுக்குள்) எக்ஸ்சேஞ்சைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடுகிறது, அதனால் ப்ராப்பர்ட்டியும் கூடவே போகிறது. ஜேஎம்எஸ் அப்படி இல்லை. செடாவில் சோதித்துவிட்டு ஜேஎம்எஸ்ஸில் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பள்ளம் காத்திருக்கிறது.

சரி, ப்ராப்பர்ட்டியையும் சேர்த்து அனுப்ப வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 'டிரான்ஸ்ஃபர்எக்ஸ்சேஞ்ச்' என்று ஒரு விருப்பம், அதை ட்ரூ என்று வைத்தால் பாடி, ஹெடர், ப்ராப்பர்ட்டி எல்லாம் ஜாவா சீரியலைசேஷனில் (ஜாவா பொருளை பைட்டுகளாக மாற்றும் முறை) ஒரே மூட்டையாகக் கட்டிப் போகும். முதலில் பார்க்கும்போது கும்பிடத் தோன்றும். நானும் ஒரு நாள் முழுக்க அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன். அப்புறம்தான் வரிசையாக வந்தது. அனுப்புகிற பக்கம், வாங்குகிற பக்கம் இரண்டிலும் அது இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற கேமல் பதிப்பாக இருக்க வேண்டும், 2இலிருந்து 3க்குப் போனபோது அந்த மூட்டையைக் கட்டும் கிளாஸே வேறு பேக்கேஜுக்கு இடம் மாறியது, ஆக ஒரு பக்கத்தை மட்டும் மேம்படுத்தினால் கதை முடிந்தது. ஆக்டிவ்எம்க்யூவில் 5.12.2, 5.13 முதல் எந்தெந்த பேக்கேஜை நம்பலாம் என்று நாமே பட்டியல் கொடுக்காவிட்டால் ஆப்ஜெக்ட் மெசேஜைத் திறக்கவே விடாது, பாதுகாப்புக் காரணம், நியாயமானதும்கூட. இதற்கெல்லாம் மேலே, க்யூவின் மறுமுனையில் நாளைக்கு ஒரு பைத்தான் நிரல் வந்து உட்கார்ந்தால் அதற்கு அந்த மூட்டை வெறும் பைட்டுக் குப்பை. கேமல் ஆவணமே 'கவனமாகப் பயன்படுத்துங்கள்' என்று எச்சரிக்கிறது. என் தீர்ப்பு அதைவிடக் கடுமை: தொடாதீர்கள்.

ஆக, க்யூ தாண்ட வேண்டியது எதுவோ அது ஹெடரில் இருக்க வேண்டும். இத்தோடு விட்டால் இது இரண்டு பத்தி விமர்சனம். ஹெடரிலும் எல்லாமே தாண்டுவதில்லை என்பதுதான் எனக்கு இந்தக் கருவியோடு இருக்கும் நிஜமான மனத்தாங்கல்.

ஜேஎம்எஸ் வழியாகப் போகும் ஹெடர் மதிப்பு அடிப்படை வகையாக இருக்க வேண்டும்: எண், பூலியன் (ஆம்/இல்லை), அவற்றின் ஜாவாக் கூடுகள். ஸ்டிரிங், தேதி, பிக்டெசிமல், பிக்இன்டிஜர் (பெரிய, துல்லியமான எண்கள்) எல்லாம் ஸ்டிரிங்காக (எழுத்துத் தொடராக) மாறிப் போகும். மற்றது எதுவாக இருந்தாலும் விழுந்துவிடும். உங்கள் சொந்த கிளாஸில் ஒரு அழகான 'கடை' ஆப்ஜெக்டை ஹெடரில் வைத்தீர்களா, போயே போச்சு. விழுந்ததை யாராவது சொல்வார்களா என்றால், சொல்கிறார்கள், டீபக் (பிழை தேடும்போது மட்டும் திறக்கும் லாக்) மட்டத்தில். ஜேஎம்எஸ்பைண்டிங் என்ற கிளாஸின் லாக்கை டீபக்குக்கு மாற்றினால்தான் இந்த ஹெடர் அடிப்படை வகை இல்லை, அதனால் விட்டுவிட்டேன் என்கிற மாதிரி ஒரு வரி வரும். நிஜ சர்வரில் டீபக்கைத் திறந்து வைத்திருப்பவர் யார்? தகவல் தொலைவது வார்ன் (எச்சரிக்கை) மட்டத்தில் சொல்ல வேண்டிய விஷயம். டிரான்ஸ்ஃபர்எக்ஸ்சேஞ்சில் சீரியலைஸ் ஆகாத பொருளை விடும்போது வார்ன் மட்டத்தில் சொல்லத் தெரிகிற கேமலுக்கு இங்கே மட்டும் ஏன் இந்தக் கூச்சம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பிக்டெசிமல் ஸ்டிரிங்காக மாறுவதும் சும்மா இல்லை. கேமலின் உள்ளேயே ஒப்பிட்டால் அதுவே வகையை மாற்றிக்கொள்ளும், தெரியாது. ஜாவாவில் கையால் எழுதிய ப்ராசஸரில் (ரூட்டின் நடுவே நாம் செருகும் நிரல் துண்டு) ஹெடரை எடுத்து நேராக பிக்டெசிமலாக காஸ்ட் செய்தால் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் என்ற வகைப் பிழை முகத்தில் அடிக்கும். 'கெட்ஹெடர்' எழுதும்போது எந்த வகை வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், மாற்றித் தரும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். தேதியை ஐஎஸ்ஓ 8601 வடிவில் எழுத ஒரு விருப்பம் இருக்கிறது, அதைக் கட்டாயம் போடுங்கள், இல்லையென்றால் ஜாவா தன் பாணியில் எழுதித் தரும் தேதியை மறுபக்கம் யாரோ ஒருவர் வெட்டி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அடுத்தது பெயர். ஜேஎம்எஸ் விதிப்படி ஹெடரின் பெயர் ஜாவாவில் செல்லுபடியாகும் ஒரு பெயராக இருக்க வேண்டும், புள்ளியும் கூடாது சிறுகோடும் கூடாது. கேமல் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது: புள்ளி இருந்தால் அந்த இடத்தில் '_டாட்_', சிறுகோடு இருந்தால் '_ஹைஃபன்_' என்று பெரிய எழுத்தில் போட்டு அனுப்பும், வாங்குகிற பக்கமும் கேமலாக இருந்தால் பழையபடி மாற்றிக்கொள்ளும். இரண்டு பக்கமும் கேமல் என்றால் உங்களுக்கு இது நடப்பதே தெரியாது. எங்கள் க்யூவை ஒருமுறை வேறு குழுவின் டாட்நெட் நிரல் படிக்க ஆரம்பித்தது, அவர்கள் 'கடை-எண்' என்கிற ஹெடரைத் தேடித் தேடிக் களைத்துப்போய்க் கூப்பிட்டார்கள். ஆக்டிவ்எம்க்யூவின் 8161 போர்ட்டில் இருக்கும் வலைப்பக்கத்தைத் திறந்து க்யூவுக்குள் ஒரு மெசேஜைக் கிளிக் செய்து பார்த்தால், ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியில் 'கடை_ஹைஃபன்_எண்' என்று சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று, செலக்டர் வைத்து வடிகட்டும்போது சிறுகோடு கழித்தல் குறியாகப் படிக்கப்படும். எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்துப் பெயர் வையுங்கள், தொல்லை விட்டது.

இதுவரை நாமாக வைக்கும் ஹெடர்கள். ஜேஎம்எஸ்ஸுக்கென்றே சொந்தமாக சில உண்டு, அவற்றின் கதை தனி. ஒரு க்யூவிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடுகிற பாலம் மாதிரியான ரூட் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் க்யூவில் முன்னுரிமை 9 என்று வந்த அவசர மெசேஜ் இரண்டாவது க்யூவில் சாதாரண 4 ஆகப் போய் வரிசையில் நிற்கும். காலாவதி நேரமும் போய்விடும், அதாவது பத்து நிமிடத்தில் செத்திருக்க வேண்டிய மெசேஜ் மறுநாள் காலையில் எழுந்து வந்து வேலை செய்யும். காரணம், கேமல் மெசேஜில் இருப்பதைப் பார்க்காமல் எண்ட்பாயிண்டில் (ரூட்டில் நாம் எழுதும் க்யூ முகவரியில்) நாம் சொன்னதைத்தான் பார்க்கிறது. 'ப்ரிசர்வ்மெசேஜ்க்யூஓஎஸ்' என்பதை ட்ரூ என்று வைத்தால் முன்னுரிமை, டெலிவரி மோட், காலாவதி மூன்றையும் மெசேஜிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பதில் எதிர்பார்க்காமல் அனுப்பும்போது ரிப்ளைடூ (பதிலை எங்கே அனுப்புவது என்ற) முகவரி உதிர்ந்துவிடாமல் இருக்கவும் இதே சாவிதான். பெயரைப் பார்த்து ரிப்ளைடூவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாராவது கண்டுபிடித்தால் அவருக்கு என் செலவில் ஒரு காபி.

மெசேஜ்ஐடி மட்டும் என்ன செய்தாலும் நிற்காது, ஒவ்வொரு அனுப்புதலுக்கும் புதிது. முதல் க்யூவின் ஐடியை வைத்து கடைசி வரை ஒரு மெசேஜைத் துரத்தலாம் என்று நினைத்தால் நடக்காது. தொடர்புள்ள மெசேஜ்களை இணைக்கும் கோரிலேஷன்ஐடி நிற்கும், அதில் கட்டுங்கள் கயிற்றை.

கேமலுக்குள்ளேயே, க்யூ எதுவும் இல்லாமலே, ஹெடரைத் தொலைக்க ஒரு பழைய வழி உண்டு. ப்ராசஸருக்குள் 'கெட்அவுட்' என்று கூப்பிட்டு அதில் பாடியை வைப்பது. அந்த அவுட் என்பது புத்தம் புதிய வெற்று மெசேஜ், பழைய ஹெடர் எதுவும் அதில் இருக்காது, நாமாகப் பிரதி எடுத்தால் ஒழிய. பதிப்பு 3இல் அதைக் கைவிடத் தக்கது என்று அறிவித்து 'கெட்மெசேஜ்' கொடுத்துவிட்டார்கள், நல்ல காரியம், ஆனால் வலையில் தேடி எடுத்து ஒட்டும் பழைய நிரல் துண்டுகளில் கெட்அவுட் இன்னும் உயிரோடு திரிகிறது. அக்ரிகேட்டரும் இதே சாதி: பத்து மெசேஜைச் சேர்த்து ஒன்றாக்கும்போது உங்கள் உத்தி எந்த எக்ஸ்சேஞ்சைத் திருப்பித் தருகிறதோ அதன் ஹெடர் மட்டும்தான் மிஞ்சும், மீதி ஒன்பதின் ஹெடர் கோவிந்தா.

இதைவிடக் கொடுமையானது பிழை க்யூ. ஒரு மெசேஜ் பலமுறை முயன்றும் தோற்று டெட் லெட்டர் க்யூவுக்குப் போகிறது என்றால், அங்கே நமக்கு வேண்டியதே 'ஏன் தோற்றது' என்பதுதான். கேமல் அந்த எக்ஸெப்ஷனை எங்கே வைக்கிறது? எக்ஸ்சேஞ்ச் ப்ராப்பர்ட்டியில். ப்ராப்பர்ட்டி ஜேஎம்எஸ் தாண்டாது என்று மேலே பார்த்தோம். ஆக, பிழை க்யூவில் மெசேஜ் இருக்கும், பிழை இருக்காது. பிரேத அறைக்கு உடலை அனுப்பிவிட்டு மருத்துவக் குறிப்பை வார்டிலேயே விட்டுவிட்ட மாதிரி. ஆக்டிவ்எம்க்யூ தானாகவே தள்ளினால், அதாவது இயல்பான 6 மறுமுயற்சி முடிந்து அதன் சொந்த டெட் லெட்டர் க்யூவுக்குப் போனால், காரணத்தை ஒரு ப்ராப்பர்ட்டியாக எழுதி வைக்கிறது. கேமலின் டெட் லெட்டர் சேனலில் நாமேதான் எழுத வேண்டும். எங்கள் எல்லா ரூட்டிலும் இப்போது பிழை க்யூவுக்கு முன்னால் நாலு வரி நிரந்தரமாக இருக்கிறது: பிழைச் செய்தி, எந்த ரூட், எந்த எண்ட்பாயிண்ட், எத்தனை மணி, நாலும் ஸ்டிரிங் ஹெடராக. இதை எழுதிய வாரத்திலிருந்து ராத்திரி அழைப்புகளில் "லாக்கை அனுப்புங்க" என்று கெஞ்சுவது பாதியாகக் குறைந்தது.

மெயின்ஃபிரேம் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று இருக்கிறது. ஐபிஎம்மின் க்யூ மென்பொருளான எம்க்யூவில் ஜேஎம்எஸ் ஹெடர்கள் ஆர்எஃப்எச்2 என்ற ஒரு பகுதிக்குள் வைக்கப்பட்டு பாடிக்கு முன்னால் ஒட்டிப் போகும். அந்தப் பக்கம் இருப்பது கோபோல் (COBOL) மொழியில் எழுதிய நாற்பது வருடப் பழைய நிரல் என்றால், முதல் எழுத்திலிருந்து கணக்குப் பார்த்துப் படிக்கிற அதற்கு இந்த ஒட்டு தெரியாது, குழம்பிப்போகும். உடனே யாராவது ஒரு பெரியவர் 'டார்கெட்கிளையண்ட் 1' என்று போடச் சொல்வார், ஒட்டு போய்விடும், கோபோலும் அமைதியாகிவிடும், நம்முடைய அத்தனை ஹெடரும் அதோடு போய்விடும். அங்கே மிஞ்சுவது எம்க்யூவின் சொந்த விவரப் பகுதி மட்டும். அதில் கோரிலேஷன்ஐடிக்கு 24 பைட் இடம் இருக்கிறது. நாங்கள் அந்த 24 பைட்டுக்குள் ஒரு சாவியைத் திணித்து, மீதி விவரத்தையெல்லாம் நம் பக்கத்து டேட்டாபேஸ் அட்டவணையில் அந்தச் சாவியின் கீழ் எழுதி வைத்து, பதில் வரும்போது எடுத்து மறுபடி ஹெடராக ஒட்டுகிறோம். அழகு இல்லைதான். ஆனால் இந்த ஆறு வருடத்தில் எங்களை ஒருமுறைகூடக் கைவிடாத ஏற்பாடு இது ஒன்றுதான்.

வேறு இரண்டு மெசேஜ் சேவைகளான காஃப்கா, எஸ்க்யூஎஸ் பற்றிச் சுருக்கமாக. காஃப்காவுக்கு ஹெடர் என்பதே 2017இல், 0.11 பதிப்பில்தான் வந்தது. மதிப்பு பைட்டாகத்தான் போகும், மறுபக்கம் கேமலில் எடுத்தாலும் பைட் வரிசையாகவே கிடைக்கும், ஸ்டிரிங் ஆக்குவது நம் பாடு. தவிர, 'கேமல்' என்று தொடங்கும் ஹெடர்களை காஃப்கா காம்பொனெண்ட் வெளியே விடாது, அதனால் ஜேஎம்எஸ்ஸில் சமர்த்தாகத் தாண்டிய கோப்புப் பெயர் ஹெடர் காஃப்காவுக்கு மாறிய அன்றே நின்றுவிடும். அமேசான் எஸ்க்யூஎஸ்ஸில் ஒரு மெசேஜுக்கு 10 அட்ரிப்யூட்தான் (ஹெடருக்கு அங்கே அந்தப் பெயர்). பத்தும் நிறைந்துவிட்டால் உங்கள் ஹெடர் ஆசை ரொம்பப் பெரியது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் தாண்டவிடுவதும் ஆபத்து என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 2025 மார்ச்சில் வெளியான சிவிஇ-2025-27636 என்ற பாதுகாப்பு ஓட்டை அதைத்தான் காட்டியது. வெளியிலிருந்து வரும் 'கேமல்' ஹெடர்களைத் தடுக்கும் வடிகட்டி எழுத்தின் பெரியது சிறியதை வைத்துப் பார்த்ததால், நடுவில் ஒரு எழுத்தை மாற்றி எழுதி எச்டிடிபி வழியாக அனுப்பினால் உள்ளே நுழைந்துவிடும். நுழைந்த ஹெடர் ஒரு மெசேஜை நாம் சொன்ன க்யூவை விட்டு வேறு க்யூவுக்குத் திருப்பிவிடவும் முடியும். 4.10.2, 4.8.5, 3.22.4 பதிப்புகளில் சரி செய்துவிட்டார்கள். பழையதில் இருப்பவர்கள் இதைப் படித்து முடிக்கும் முன்னால் மேம்படுத்துங்கள், அல்லது முதல் வரியிலேயே 'ரிமூவ்ஹெடர்ஸ்' போடுங்கள். எங்கள் வழக்கம் இப்போது இது: வெளியிலிருந்து வந்தவுடன் தெரியாத ஹெடர் அத்தனையும் துடைத்துவிட்டு, நமக்கென்று ஒரு முன்னொட்டு வைத்த ஆறேழு ஸ்டிரிங் ஹெடரை மட்டும் எழுதி, க்யூவில் போடுவதற்கு முந்திய வரியில் அவை எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒன்று குறைந்தாலும் சத்தம் போட்டு நிறுத்திவிடுவது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. ரூட் எழுதும் சுகத்துக்கு முழு மதிப்பெண், விருப்பங்கள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருப்பதற்கும் முழு மதிப்பெண், ஆவணமும் தேடினால் கிடைக்கும். சத்தமில்லாமல் ஹெடரை உதிர்க்கும் அந்த ஒரு குணத்துக்கு ஒன்று கழித்தேன், பெயர் வைக்கும் லட்சணத்துக்கு அரை.

அந்த வெள்ளிக்கிழமை ஆர்டர்களை எப்படி மீட்டீர்கள் என்று கேட்பீர்கள். கவனமாக நாங்கள் வைத்த ப்ராப்பர்ட்டி க்யூவோடு போய்விட்டது, ஆனால் கோப்பைப் படிக்கும்போது கேமல் தானாக ஒட்டிய கோப்புப் பெயர் ஹெடர் ஜேஎம்எஸ்ஸைத் தாண்டி இரண்டாவது ரூட்டின் லாக் வரை வந்து நின்றிருந்தது, நாங்கள்தான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைக் குறியீடு அந்தப் பெயரின் முதல் நாலு எழுத்து. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் தம்பி லாக்கை கிரெப் கட்டளையால் தேடி கடைவாரியாகப் பிரித்து முடித்துவிட்டு, "அண்ணா, இது ராத்திரி பூரா இங்கேயேதான் இருந்திருக்கு" என்றான்.